டாட்டூ கடை போடுவதற்கு முன்: எதை வாங்குவது, எதைத் தள்ளிப் போடுவது

திருமங்கலத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: “நன்றாகப் படம் வரைவேன். ஒரு கடையில் ஓராண்டு உதவியாளராக இருந்திருக்கிறேன். காளவாசல் பக்கம் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. மெஷின், ஊசி, மை எல்லாம் சேர்ந்த ஒரு கிட்டை மலிவு விலையில் இணையத்தில் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறேன். முறையாகத் தொழில் தொடங்க இன்னும் என்னென்ன வேண்டும், எந்த மெஷின் நல்லது?”

எந்த மெஷின் நல்லது என்பதுதான் இத்தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மதுரையில் தொழில் தொடங்கியபோது நானும் அதைத்தான் கேட்டேன். கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதியை மெஷினுக்கே கொடுத்துவிட்டு, கை கழுவும் தொட்டி இல்லாத அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஆளை உட்கார வைத்து வேலை பார்த்தேன். இன்று என்னைக் கேட்டால், உள்ள பணத்தில் கால் பங்குக்கு மேல் மெஷினுக்குக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். மீதி முக்கால் பங்கு, வருகிறவர்கள் கவனித்துப் பார்க்கவே மாட்டாத பொருள்களுக்கும், அறையின் தரைக்கும் குழாய்க்கும் வெளிச்சத்துக்கும் போக வேண்டும். ஆகவே மெஷினைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், முதலில் அறை.

பச்சை குத்துவது நம் ஊருக்குப் புதிதல்ல. என் அப்பத்தாவின் முன்கையில் இருந்த கோலம், ஒரு திருவிழாக் கூட்டத்தில் குறத்தி ஒருவர் குத்தியது. மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்துத் துணியில் தடவித் திரியாக உருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரியவிட்டு, மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படிந்த கரியைச் சுரண்டிக் குழைத்ததுதான் அந்தக் காலத்து மை. மையைப் பற்றி எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை; அறுபது ஆண்டு கழித்தும் அந்தக் கோலம் பச்சைப் பசேலென்று இருந்தது. சிக்கல் ஊசியில்தான் இருந்தது, ஏனென்றால் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் ஒரே ஊசி. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத் துளியில்கூடக் குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. இன்று நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு அறையை வேறு விதமாகத்தான் அமைக்க வேண்டியிருக்கிறது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் செலவு எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருள் அல்ல. உங்கள் உடம்புக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. முதல் தவணைக்குப் பின் ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது என்று மூன்று தவணை. கடை திறக்கும் நாளை ஜோசியரிடம் கேட்டுக் குறிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் சி-க்கும் எச்.ஐ.வி.க்கும் தடுப்பூசி இல்லை. அவற்றுக்குக் கையுறையும் ஒழுங்கும்தான் காப்பு.

அறையைப் பொறுத்தவரை, 10 அடிக்கு 12 அடி இருந்தால் ஒருவர் வேலை செய்யப் போதும். தரை டைல்ஸ் ஆக இருக்க வேண்டும். சிமெண்டுத் தரை என்றால் இடுக்கில் மையும் இரத்தமும் இறங்கிவிடும். சுவரில் இடுப்புக்கு மேல் உயரம் வரையாவது கழுவித் துடைக்கக்கூடிய எனாமல் பெயிண்ட் அடியுங்கள். வேலை செய்யும் இடத்துக்கு நாலு எட்டுக்குள் குழாயோடு கூடிய தொட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். அது கை கழுவ மட்டுமே. கருவி கழுவுவதற்குத் தனித் தொட்டி. மருத்துவமனைகளில் முழங்கையால் திறக்கிறார்களே, அந்த நீளக் கைப்பிடிக் குழாயை வீட்டுச் சாமான் கடையிலேயே கேட்டு வாங்கிப் பொருத்தலாம். கழிப்பறைக்குப் போகும் வழியில் டாட்டூ நாற்காலி இருக்கக் கூடாது. மதுரை வெயிலுக்கு ஏ.சி. இல்லாமல் வேலை ஓடாது: வியர்த்த தோலில் ஸ்டென்சில் (படத்தின் கோடுகளைத் தோலில் பதிக்கும் தாள்) ஒட்டாது, கையுறைக்குள் கை ஊறிவிடும், மூன்று மணி நேரம் படுத்திருப்பவருக்கு மயக்கம் வரும். மின்விசிறி, வேலைக்கு நேர் மேலே ஓடினால், கூரைத் தூசியை எல்லாம் திறந்த தோல் மேல் கொண்டு வந்து கொட்டும்; அதை நகர்த்தி மாட்டுங்கள் அல்லது வேலை நேரத்தில் நிறுத்தி வையுங்கள்.

நாற்காலி, கட்டில், கைதாங்கி ஆகிய எல்லாவற்றுக்கும் ரெக்சின் உறைதான். துணி உறை எதிலும் வேண்டாம். சலூன் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் ஹைட்ராலிக் நாற்காலி, முதுகு சாயும் வகையாக இருந்தால், தொடக்கத்துக்குப் போதும். அதைவிட முக்கியம் நீங்கள் உட்காரும் ஸ்டூல். முதுகுத் தாங்கல் உள்ளதாக, உயரம் ஏற்றி இறக்கக்கூடியதாக வாங்குங்கள். நாற்பது வயதுக்குள் முதுகு போன டாட்டூக்காரர்களை எனக்கு நிறையத் தெரியும். சாமான் வைக்க எவர்சில்வர் டிராலி ஒன்று. மர மேசை வேண்டாம், அது எதையும் உறிஞ்சிக்கொள்ளும்.

இனி, ஒவ்வோர் ஆளுக்கும் புதிதாக எடுத்து, முடிந்ததும் எறிய வேண்டிய பொருள்கள். நைட்ரில் கையுறை, டிராலி மேல் விரிக்கும் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகித விரிப்பு, ஸ்பிரே பாட்டிலுக்கும் மெஷினுக்கும் வயருக்கும் மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறைகள், விளக்கின் கைப்பிடியையும் நாற்காலியின் நெம்புகோலையும் சுற்றுகிற ஒட்டும் படலம், மை ஊற்றும் குப்பிகள், ஊசி அலசும் காகிதக் கோப்பை, மழிக்கும் ரேசர், துடைக்கும் காகிதச் சுருள். வாசலினை டப்பாவிலிருந்து விரலால் எடுக்கவே கூடாது. ஐஸ் குச்சியால் எடுத்து விரிப்பில் ஓரமாகத் தடவிக்கொண்டு, குச்சியை எறிந்துவிட வேண்டும். மேசை துடைக்கவும் தோல் துடைக்கவும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். 99 சதவீதம் இன்னும் வீரியமானதுதானே என்று கேட்பார்கள். கிருமியின் புரதத்தைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரும் தேவைப்படுவதால் 70-தான் நன்றாக வேலை செய்கிறது, அது சட்டென்று ஆவியாகாமல் சற்று நேரம் நிற்கவும் செய்கிறது.

இவை எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிட்டாலும், கை எதைத் தொடுகிறது என்பதைக் கவனிக்கப் பழகாவிட்டால் பயனில்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் வைக்கும் பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கிண்ணத்தில் குங்குமத்தை நன்றாகக் கரைத்து, கையுறை மாட்டிய விரல்களை அதில் தோய்த்துவிட்டு, சிலிகான் பயிற்சித் தோலில் ஒரு சின்ன டாட்டூவை முழுமையாகப் போட்டு முடிக்கச் சொல்வேன். இடையிடையே விரலை மறுபடி தோய்க்கவும் வேண்டும். முடிந்த பிறகு விளக்கைப் போட்டு அறையைச் சுற்றி வந்தால், சிவப்பு எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரியும். செல்போன் திரையில் இருக்கும். மை பாட்டில் மூடியில், ஏ.சி. ரிமோட்டில், மூக்குக் கண்ணாடியின் பாலத்தில், டிராலியின் அடி விளிம்பில் இருக்கும். ஒரு பையனுக்குக் காது மடலில் இருந்தது. அந்தக் குங்குமம் அத்தனையும் இரத்தம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. கையுறை மாட்டுவதற்கு முன்பே மையை ஊற்றி வைப்பது, பாட்டு மாற்றும் வேலையை வேறு ஆளிடம் விடுவது, போன் அடித்தால் அடிக்க விடுவது என்று பழக்கங்கள் தாமாக வந்துவிடும். சிவப்பு படாமல் ஒரு டாட்டூவை முடிக்க எனக்கே பல வாரங்கள் ஆயின.

கருவிச் சுத்திகரிப்பில்தான் நம் பக்கம் ஏமாற்று அதிகம். நீல விளக்கு எரியும் யு.வி. (புற ஊதா ஒளி) பெட்டியைப் பல கடைகளில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். அது சுத்தமான கருவியைத் தூசி படாமல் வைக்க உதவும். இரத்தம் பட்ட கருவியைக் கிருமியற்றதாக ஆக்காது, ஏனென்றால் ஒளி படாத இடுக்கில் அதனால் எதுவும் செய்ய முடியாது. கொதிக்க வைத்தாலும் டெட்டாலில் ஊறப் போட்டாலும் அப்படித்தான். ஊசியைப் பொருத்திப் பிடிக்கும் எஃகுக் கைப்பிடிகளைத் திரும்பப் பயன்படுத்துவதாக இருந்தால், அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் வேண்டும்: 121 டிகிரி செல்சியஸில், 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், குறைந்தது 15 நிமிடம். பொட்டலம் கட்டிய கருவி என்றால் 30 நிமிடம். வீட்டுக் குக்கரிலும் ஏறத்தாழ அதே அழுத்தம்தானே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அழுத்தம் சரிதான், ஆனால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறியதா, கருவி உள்ள இடத்தில் அந்த வெப்பம் எட்டியதா என்பதற்குக் குக்கரில் சாட்சி கிடையாது, எடுக்கும்போது கருவி ஈரமாகவும் இருக்கும். ஆட்டோகிளேவிலும் சாட்சி வேண்டும் என்பதற்காகத்தான் நிறம் மாறும் டேப்பை ஒட்டுகிறோம். வெப்பத்துக்கு எளிதில் சாகாத ஒரு பாக்டீரியாவின் வித்துகளை உள்ளே வைத்து அவை செத்தனவா என்று பார்க்கும் சோதனையையும் அவ்வப்போது செய்ய வேண்டும். இன்னொன்று: நம் போர்வெல் தண்ணீரை ஆட்டோகிளேவில் ஊற்றினால் சில மாதத்தில் சூடாக்கும் கம்பியில் உப்பு கெட்டியாகப் படிந்துவிடும். நான் ஒன்றை அப்படித்தான் பாழாக்கினேன். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்றுங்கள்.

இதற்கு எளிய மாற்று ஒன்று இருக்கிறது, உங்கள் பட்ஜெட்டுக்கு நான் சிபாரிசு செய்வதும் அதைத்தான். ஒரு முறை பயன்படுத்தி எறியும் கார்ட்ரிட்ஜ் ஊசி (பிளாஸ்டிக் கூட்டோடு சேர்ந்தே வரும் ஊசி), எறியும் கைப்பிடி ஆகியவற்றை மட்டுமே வைத்துக்கொண்டால், தொடக்கத்தில் ஆட்டோகிளேவ் தேவையில்லை. கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கப்பட்டது என்ற குறிப்போடும் அது நடந்ததற்கான நிறம் மாறிய புள்ளியோடும் இருக்க வேண்டும், காலாவதித் தேதி இருக்க வேண்டும், உள்ளே ரப்பர் சவ்வு இருக்க வேண்டும். அந்தச் சவ்வு இல்லையென்றால் மையும் இரத்தமும் பின்னோக்கி மெஷினுக்குள் ஏறி, அடுத்த ஆளுக்குப் புது ஊசி போட்டும் பழைய இரத்தமே போகும். உறையை வாடிக்கையாளர் கண் முன்னால் பிரியுங்கள்.

மெஷினுக்கு வருவோம். தாமஸ் எடிசன் காகிதத்தில் ஓட்டை போட்டுப் படி எடுப்பதற்காகக் கண்டுபிடித்த மின்பேனாவை அடிப்படையாகக் கொண்டு, 1891-இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ’ரெய்லி என்பவர் டாட்டூ மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கிடைப்பவை இரண்டு வகை. காயில் மெஷினில் இரண்டு மின்காந்தங்கள் ஓர் இரும்புப் பட்டையை இழுக்க, இழுத்தவுடன் மின்தொடர்பு அறுந்து ஸ்பிரிங் அதை மேலே தூக்க, மறுபடி தொடர்பு ஏற்பட்டு மறுபடி இழுக்கும், ரீங்காரம் அதனால்தான். கனமானது, ஸ்பிரிங்கையும் திருகையும் அடிக்கடி சரி செய்ய வேண்டும். ரோட்டரியில் ஒரு சிறு மோட்டார் மட்டும். பேனா வடிவில் வருவதால் கைக்கு அடக்கமாக, சத்தமில்லாமல், மணிக்கட்டுக்கு நோவில்லாமல் இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் ரோட்டரி பேனாவே வாங்கலாம் என்பது என் கருத்து. ஊசி மேலும் கீழும் போகும் தூரத்தை ஸ்ட்ரோக் என்பார்கள்; 3.5 மில்லிமீட்டர் என்றால் கோடு, ஷேடிங் (நிழல் நிரப்புவது) இரண்டுக்கும் ஈடு கொடுக்கும். கோடு மட்டுமே பிரதானம் என்றால் 4, மென்மையான ஷேடிங் மட்டும் என்றால் 3-க்குக் கீழே. விலையுயர்ந்த ஒரு மெஷினுக்குப் பதிலாக நடுத்தர விலையில் இரண்டு வாங்குங்கள். பாதி வேலையில் மோட்டார் நின்றுவிட்டால், முதுகில் அரை முருகனோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். உறையின் மேல் 1207 ஆர்.எல். என்று இருந்தால், 12 என்பது ஒவ்வோர் ஊசியின் கனம், அதாவது 0.35 மில்லிமீட்டர், 07 என்பது ஏழு ஊசிகள், ஆர்.எல். என்பது அவை வட்டமாக நெருக்கிக் கட்டப்பட்ட கோட்டு ஊசி என்பதன் குறிப்பு. 10 என்றால் 0.30 மில்லிமீட்டர். ஆர்.எஸ். தளர்வான வட்டம், மேக்னம் என்பது இரண்டு அடுக்காகத் தட்டையாக வைத்தது, நிழல் நிரப்ப. கடையில் நாற்பது வகை காட்டுவார்கள். ஆர்.எல். வகையில் 3, 7, 9-உம், வளைந்த மேக்னத்தில் 9, 13-உம் இருந்தால் முதல் ஆண்டு முழுவதும் ஓட்டிவிடலாம்.

நம் ஊரில் வரும் வேலையில் பெரும்பங்கு தமிழ் எழுத்து: அம்மா, அப்பா, காதலி, குலதெய்வம். தமிழ் எழுத்தில் சுழியும் வளைவும் உண்டு. ‘ண’வின் சுழிகளுக்கிடையே உள்ள வெற்றிடமும் ‘ஞ’வின் உள்வளைவும் குறுகலானவை. மை தோலுக்குள் ஆண்டு செல்லச் செல்ல மெல்லப் பரவும் என்பதால், இன்று கூர்மையாகத் தெரியும் இடைவெளி சில ஆண்டுகளில் மூடிக்கொள்ளும். கருப்பாயி கருங்கட்டியாகத் தெரிவாள். எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று நான் கறாராகச் சொல்லிவிடுவேன். விரல் மேல் சின்னதாக வேண்டும் என்று கேட்பவர்களைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க, ஸ்டென்சில் ஒட்டுவதற்கு முன், காகிதத்திலேயே வாடிக்கையாளரை உரக்கப் படிக்கச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்க காலத்தில் ஒருவருக்கு ‘அம்மா’வில் புள்ளியை விட்டுவிட்டேன், ‘அமமா’ என்று படித்துவிட்டு அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லவேளையாக அது சேர்க்கக்கூடிய பிழை. லகர, ளகர, ழகரப் பிழைகளைச் சேர்த்துச் சரிக்கட்ட முடியாது.

ஆழத்தைப் பொறுத்தவரை, மை மேல்தோலைத் தாண்டி அடித்தோலில் நிற்க வேண்டும். அது ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள். மேலேயே நின்றால் தோல் உரியும்போது மையும் உதிர்ந்துவிடும். அதையும் தாண்டிக் கொழுப்புக்குப் போனால் ஈரக் காகிதத்தில் மை சிந்தியது போல் நீலமாகப் பரவும். இதை எந்த மெஷினும் உங்களுக்காகச் செய்து தராது. இடது கையால் தோலை இழுத்துப் பிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. சிலிகான் பயிற்சித் தோல் கட்டாக வாங்கிக் குறைந்தது மூன்று மாதம் போடுங்கள். ஆரஞ்சுப் பழமும் நல்ல ஆசிரியர், ஆழம் தப்பினால் சாறு வந்துவிடும். முதல் உண்மையான தோல் உங்கள் சொந்தத் தொடையாக இருக்கட்டும்.

மைக்கு வந்தால், தொடக்கத்தில் நல்ல கறுப்பு ஒன்றும், சாம்பல் ஷேடிங் தொகுதி ஒன்றும் போதும். நம் மாநிறத் தோலில் நீடித்து நிற்பதும் அழகாகத் தெரிவதும் கறுப்புதான். வெள்ளையும் வெளிர் நிறங்களும் ஆறிய பிறகு மங்கிவிடும். ஒவ்வாமை அதிகம் காணப்படுவது சிவப்பில். பிரபல மைகளுக்கு அச்சு அசலான போலிகள் சந்தையில் உலவுகின்றன. தொகுதி எண், காலாவதித் தேதி, மூடியில் உடையாத முத்திரை இல்லாத பாட்டிலை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்குத் தடையும் கட்டுப்பாடும் விதித்திருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்டது என்று உறையில் குறிப்பிட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கறுப்பை நீர்க்கச் செய்யக் குழாய்த் தண்ணீரும் வேண்டாம், கேன் தண்ணீரும் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரும் வேண்டாம். வடித்த நீரில் உப்பு இராது, கிருமி இருக்கலாம். 2011-இன் கடைசியில் அமெரிக்காவின் ராசெஸ்டரில், முன்கூட்டியே நீர்க்கச் செய்து விற்கப்பட்ட சாம்பல் மையில் தண்ணீரில் வாழும் ஒரு வகை மைக்கோபாக்டீரியம் இருந்ததால், சுத்தமான கடையில் டாட்டூ போட்டுக்கொண்டவர்களுக்கும் மாதக்கணக்கில் ஆறாத தடிப்புகள் வந்தன. மருந்துக் கடையில் ஊசி மருந்து கலக்க விற்கும் கிருமியற்ற நீர்க்குப்பி சில ரூபாய்தான்.

ஸ்டென்சிலுக்குத் தெர்மல் பிரிண்டர் வசதியானது, ஆனால் முதல் நாளே வேண்டியதில்லை; கார்பன் தாள் போன்ற ஊதாநிற ஹெக்டோகிராஃப் தாளில் கையால் வரைந்தே எடுக்கலாம், கோடு மனத்தில் பதியும் என்பதால் அதுவே நல்லது. விளக்கு மட்டும் நல்லதாக வாங்குங்கள்: கை நீட்டும் தண்டோடு கூடிய எல்.இ.டி., 5000 கெல்வின் அளவில் வெள்ளை வெளிச்சம். மஞ்சள் வெளிச்சத்தில் தோல் சிவந்திருப்பது தெரியாது. மின்சாரம் போனால் மெஷினும் விளக்கும் ஓட ஒரு இன்வெர்ட்டர் அவசியம். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவிக்கும் நாளில் பெரிய வேலைக்கு நாள் கொடுக்காதீர்கள். இணைப்பு வணிக இணைப்பாக இருக்கட்டும்.

பயன்படுத்திய ஊசியை எங்கே போடுவீர்கள் என்று உங்கள் கேள்வியில் இல்லை. கறுப்புக் கவரில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போட்டால், அது நேராகப் போவது கையுறைகூட ஒழுங்காக இல்லாத ஒரு தூய்மைப் பணியாளரின் உள்ளங்கைக்கு. 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கூர்மையான பொருள்களுக்கு வெள்ளை நிறத்தில், துளைக்க முடியாத, ஒளி ஊடுருவும் கொள்கலன். கையுறை போன்ற பிளாஸ்டிக்குக்குச் சிவப்புப் பை. இரத்தம் தோய்ந்த காகிதத்துக்கு மஞ்சள் பை. பக்கத்தில் உள்ள கிளினிக்கிலோ இரத்தப் பரிசோதனை நிலையத்திலோ பேசி, அவர்களிடம் கழிவு எடுக்க வரும் வண்டியோடு உங்களுடையதையும் சேர்க்க ஏற்பாடு செய்யலாம். நான் மாதந்தோறும் அப்படித்தான் கொடுக்கிறேன். உங்கள் விரலிலேயே பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால், பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, வேலையை நிறுத்தி, நேரே அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

தாள் வேலைகள் சுருக்கமானவை. மாநகராட்சியின் தொழில் உரிமம், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. இதைவிட முக்கியம் தமிழில் அச்சடித்த ஒப்புதல் படிவம். 18 வயது ஆகிவிட்டதற்கு ஆதாரைப் பாருங்கள். சர்க்கரை நோய், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கர்ப்பம், பழைய காயம் தடித்து மேடாகும் தன்மை ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். அந்தத் தடிப்பு நம்மைப் போன்ற கருத்த தோலில் கூடுதலாக வருவது, நெஞ்சிலும் தோளிலும் குறிப்பாக. குடித்துவிட்டு வந்தால் மறுநாள் வரச் சொல்லுங்கள். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கமிருந்து வரும் பையன்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்பேன்: ஆள்சேர்ப்புக்குப் போகிற எண்ணம் உண்டா? இந்திய இராணுவத்தில் முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரையிலும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி. மத்திய ஆயுதப் படைகளில் முன்கை என்றால் சல்யூட் அடிக்காத இடது கையின் உட்புறம்தான், அளவுக்கும் வரம்புண்டு. கழுத்தில் வேல் குத்திக்கொண்டு மைதானத்தில் ஓடி ஜெயித்துவிட்டு மருத்துவச் சோதனையில் திரும்பி வந்த ஒருவனை எனக்குத் தெரியும். குத்தியது நான் இல்லை என்றாலும், கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்கவில்லையே என்று இருந்தது.

ஆறும் காலத்துக்கான குறிப்பையும் அந்தப் படிவத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்துவிடுங்கள். இரண்டு, மூன்று வாரத்துக்குக் கண்மாய், கிணறு, நீச்சல் குளம் கூடாது. சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் கூட்டம் அள்ளும்; அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்தில் புதுக் காயத்தோடு நனைந்துவிட்டு, அடுத்த வாரம் சீழோடு வந்து நிற்பார்கள். திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே நாள் கொடுப்பதை நான் நிறுத்திவிடுகிறேன். அந்த வாரங்களில் வருமானம் குறையும், புதுக் கடைக்கு அது வலிக்கவே செய்யும்.

கடைசியாக, ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் அந்தக் கிட். அதில் உள்ள மை பாட்டில்களை எல்லாம் எறிந்துவிடுங்கள். பயிற்சித் தோலுக்குக்கூட வைத்துக்கொண்டால் ஒரு நாள் அவசரத்தில் கை அதன் மேல் போகும். ஊசிகளைப் பயிற்சிக்கு மட்டும், தனி டப்பாவில் பூட்டி வையுங்கள். பவர் சப்ளையின் எண்திரை காட்டும் வோல்ட்டேஜ் சரிதானா என்று எலெக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டரில் ஒரு முறை பார்த்துக்கொண்டால், அது மாற்றுக்கு உதவும். மெஷின் காயில் வகையாக இருந்தால் விற்க வேண்டாம். கழற்றிப் பூட்டிப் பாருங்கள், ஸ்பிரிங்கை வளைத்தால் சத்தம் எப்படி மாறுகிறது, திருகைத் தளர்த்தினால் எப்போது அடி பலமாக விழுகிறது என்று ஒரு மாதம் அதோடு உட்காருங்கள். ஆள் மேல் மட்டும் அதை வைக்காதீர்கள்.